பங்கு போட முடியாத வினை

என் தமக்கை மகளின் மகன் கணக்காயர் படிப்பை முடித்துவிட்டு வெளிநாட்டில் வேலை தேடிக்கொண்டிருக்கிறான். சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தான். "பாட்டி, ஒரு நிறுவனத்தில் நல்ல சம்பளத்துக்கு இடம் கிடைக்கும் போலிருக்கிறது. பாதுகாப்பு நிறுவனம். போர் நடக்கும் நாடுகளுக்கு ஆயுதம் தாங்கிய ஆட்களை ஒப்பந்தத்தின் பேரில் அனுப்புகிறார்கள். நான் துப்பாக்கியைத் தொடப்போவதில்லை. சம்பளப் பட்டியல் எழுதுவதும் வரவு செலவு பார்ப்பதும்தான் என் வேலை. இதில் தோஷம் உண்டா, சொல்லுங்கள்" என்று கேட்டான்.

உடனே விடை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "யோசித்துச் சொல்கிறேன், கண்ணா" என்று வைத்துவிட்டேன். அந்த யோசனையையே இங்கு எழுதுகிறேன். நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று பல தேசங்களில் பல வகை நிறுவனங்களில் பணி செய்கிறார்கள். இக்கேள்வி ஒரு வீட்டோடு நிற்பதன்று.

ஜபமாலையில் நூற்றெட்டு மணிகள் ஏன் என்று சிறுவயதில் என் தந்தையாரைக் கேட்டதுண்டு. தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தைக் கொண்டு அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு தீச்செயலை எண்ணித் துணிவது, அதற்கு வேண்டியவற்றைத் திரட்டுவது, தொடங்கிச் செய்வது என நிலைகள் மூன்று. மனம், மொழி, மெய் என வாயில்கள் மூன்று. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் என வகைகள் மூன்று. கோபம், மானம், மாயை, லோபம் எனக் கஷாயங்கள் நான்கு. பெருக்கினால் நூற்றெட்டு. வினை வந்து சேரும் வழிகள் இத்தனை என்று நினைவூட்டவே மணிகள் இத்தனை என்றார். அக்காலத்தில் எனக்கு இது வாய்ப்பாடு போலத்தான் பட்டது. இந்த வயதில், செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்ற மூன்றையும் ஒரே வரிசையில், ஒன்றுக்கொன்று தாழ்வு சொல்லாமல் வைத்த அறவோரின் கூர்மையை எண்ணி வியக்கிறேன். ஏனெனில் கூலிப்படை நிறுவனம் என்பது இம்மூன்றையும் தனித்தனி ஆட்களிடம் பிரித்துக் கொடுத்து, ஒவ்வொருவரும் "நான் அல்லேன்" என்று சொல்ல வழி செய்யும் ஏற்பாடே ஆகும்.

இதற்கு நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. எங்கள் சாத்தான்குளத்திலிருந்து கிழக்கே சென்றால் கடல். கடலுக்கு அப்பால் இலங்கை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கை அரசு, தமிழ்ப் போராளிக் குழுக்களை ஒடுக்கச் சிறப்பு அதிரடிப்படை என்ற காவல் படையை உருவாக்கியது. அதற்குப் பயிற்சி அளிக்க வெளிநாட்டு உதவி தேவைப்பட்டது. பிரிட்டிஷ் அரசு தன் படைவீரர்களை நேரே அனுப்பினால் இந்தியாவுடன் உறவு கெடும். ஆகவே 1984 முதல் அங்கே சென்றது ஒரு தனியார் நிறுவனம். கீனி மீனி சர்வீசஸ் என்பது அதன் பெயர். எஸ்.ஏ.எஸ். என்னும் பிரிட்டிஷ் சிறப்புப் படைப்பிரிவில் பணியாற்றிய அதிகாரிகள் 1970களில் இலண்டனில் தொடங்கியது. புல்லுக்குள் பாம்பு ஓசையின்றி நெளிந்து போவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து அப்பெயர் வந்ததாகக் கூறுகிறார்கள். பெயர் வைத்தவர்கள் தங்கள் தொழிலை நன்றாகவே அறிந்திருந்தார்கள் போலும்.

அந்நிறுவனத்தின் ஆட்கள் அதிரடிப்படையினருக்குப் பயிற்சி அளித்தார்கள். பின்னர் அவர்களுள் சிலர் இலங்கை விமானப்படையின் ஹெலிகாப்டர்களையும் ஓட்டினார்கள். ஒரு விமானி தம் அனுபவங்களை நூலாகவே எழுதியிருக்கிறார். இந்தியா மறுப்புத் தெரிவித்தபோது, அது தனியார் வணிகம், அதில் தாங்கள் தலையிட இயலாது என்ற பாங்கிலேயே பிரிட்டிஷ் அரசு விடை கூறியது. 1984 செப்டம்பரில் பருத்தித்துறையில் அதிரடிப்படையினர் பொதுமக்கள்மீது பாய்ந்தபோது ஹார்ட்லிக் கல்லூரியின் நூல்நிலையம் தீக்கிரையாயிற்று. பள்ளிக்கூடத்திலேயே வாழ்நாளைக் கழித்த எனக்கு இச்செய்தி நெஞ்சில் தைத்தது. 1987 ஜனவரி இறுதியில் மட்டக்களப்பை அடுத்த கொக்கட்டிச்சோலைப் பகுதியில் நடந்தது அதனினும் கொடியது. மகிழடித்தீவு இறால் பண்ணையில் கூலிக்கு வேலை செய்தவர்களையும் சுற்றுப்புற ஊர் மக்களையும் அப்படையினர் சுட்டுக் கொன்றார்கள். மாண்டவர் எண்பதுக்கும் மேற்பட்டோர்.

இவர்களுக்கு யார் பதில் சொன்னார்? சுட்ட வீரர் மேலதிகாரியைக் காட்டலாம். மேலதிகாரி அரசைக் காட்டலாம். அரசு, பயங்கரவாதத்தை ஒடுக்கினோம் என்று சொல்லலாம். பயிற்சி அளித்தவர், "நான் கற்பித்தேன், சுடச் சொல்லவில்லை" என்று சொல்லலாம். அவரை அனுப்பிய நிறுவனம் ஒப்பந்தத்தைக் காட்டலாம். நிறுவனத்தைத் தடுக்காத பிரிட்டிஷ் அமைச்சகம், "அது தனியார் விஷயம்" என்று சொல்லலாம். பந்தியில் இலை போடுவது போல ஆளுக்குக் கொஞ்சம் பரிமாறிக்கொண்டே போனால், கடைசியில் பாத்திரத்தில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஃபில் மில்லர் என்ற பத்திரிகையாளர் பிரிட்டிஷ் ஆவணங்களைத் தேடி இவ்வரலாற்றை 2020இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில்தான் இலண்டன் பெருநகரக் காவல்துறையின் போர்க்குற்றப் பிரிவு இதுபற்றி விசாரணையைத் தொடங்கியது. 1987க்கும் 2020க்கும் இடையே முப்பத்துமூன்று ஆண்டுகள். தந்தையை இழந்த குழந்தை தானே பாட்டியாகும் காலம்.

சட்டம் இல்லாமல் இல்லை. வேற்றுநாட்டுப் போரில் கூலிக்குச் சேர்வதைத் தடுக்கப் பிரிட்டனில் 1870லேயே ஒரு சட்டம் இயற்றினார்கள். ஜெனீவா உடன்படிக்கைகளுக்கு 1977இல் சேர்த்த நெறிமுறை, கூலிப்படையாள் யார் என்பதற்கு ஆறு இலக்கணங்கள் வகுத்தது. ஆறும் ஒருங்கே பொருந்தினால்தான் அவன் கூலிப்படையாள். நேரே போரிட்டிருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பயிற்சி ஆசிரியர் அந்த ஒரு வரியிலேயே நழுவிவிடலாம். கூலிப்படைகளுக்கு எதிராக 1989இல் ஐ.நா. ஏற்ற உடன்படிக்கை நடைமுறைக்கு வரவே 2001 ஆயிற்று. பிரிட்டனும் அமெரிக்காவும் அதில் சேரவில்லை. 2007 செப்டம்பரில் பாக்தாதின் நிசூர் சதுக்கத்தில் பிளாக்வாட்டர் நிறுவனத்தின் காவலர்கள் பொதுமக்கள் பதினேழு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களுள் நால்வருக்கு 2014இல் அமெரிக்க நீதிமன்றம் குற்றத்தீர்ப்பு வழங்கியது அரிய நிகழ்ச்சி. 2020 டிசம்பரில் குடியரசுத் தலைவர் டிரம்ப் அந்நால்வருக்கும் மன்னிப்பு அளித்துவிட்டார்.

இது நம் காலத்தில் தோன்றிய புதுக்கேடு என்று எண்ண வேண்டாம். நம் திருநெல்வேலிச் சீமையே ஒரு வணிக நிறுவனத்தின் படைக்கு ஆட்பட்ட சீமைதான். கிழக்கிந்தியக் கம்பெனி என்பது பங்குதாரர்கள் இலாபம் பெற நடத்திய வியாபாரம். 1755இல் ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலிக்காக மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் கப்பம் வாங்கித்தரக் கர்னல் ஹெரான் என்பவர் தலைமையில் கம்பெனிப் படை புறப்பட்டது. நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் அசைந்து கொடுக்கவில்லை. அந்தச் சமயத்தில் ஒரு பிரிவை, திருநெல்வேலிக்குத் தெற்கே நாற்பது மைல் தொலைவில் இருந்த ஒரு சிறு கோட்டையின்மேல் ஏவினார்கள். நெல்லிக்கோட்டை என்று ஆங்கிலேயர் அதைக் குறித்தனர். கோட்டைக்குள் புகுந்த படை, பெண்டிர், குழந்தைகள் என்றும் பாராமல் வெட்டிற்று. நானூறு பேரில் உயிர் தப்பியவர் ஆறே பேர். இதை எழுதி வைத்தவர் கம்பெனியின் வரலாற்றாசிரியரான ராபர்ட் ஓர்ம். அதனை எடுத்துத் தம் திருநெல்வேலி வரலாற்றில் 1881இல் மீண்டும் சொன்னவர், எங்கள் ஊர்ப் பக்கத்து இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயர்.

இனி நான் சொல்லப்போவதை வாசகர் சற்று நின்று படிக்க வேண்டுகிறேன். கர்னல் ஹெரான் தண்டிக்கப்படாமல் போகவில்லை. சென்னைக்குத் திரும்பியதும் அவரைப் படைநீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். குற்றம் மெய்ப்பட்டது. கம்பெனியில் இனிப் பணியாற்றத் தகுதியற்றவர் என்று விலக்கினார்கள். எக்குற்றத்திற்காக? அன்பளிப்பாகப் பணம் வாங்கியதற்காகவும், சீமையின் வருவாயைக் குறைந்த தொகைக்குக் குத்தகை விட்டதற்காகவும்! நானூறு உயிர் அந்தக் கணக்கில் வரவிலும் இல்லை, செலவிலும் இல்லை. கம்பெனிக்கு நஷ்டம் வந்தது. அதற்கு விசாரணை நடந்தது. கோட்டைக்குள் இறந்த பிள்ளைகளால் கம்பெனிக்கு நஷ்டம் ஏதும் இல்லை. பணத்துக்காக வைத்த படை பணத்துக்கு மட்டுமே பதில் சொல்லும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் படித்ததில்லை. பின்னாளில் வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் 1788 முதல் 1795 வரை வழக்கு நடந்ததும், முடிவில் அவர் விடுவிக்கப்பட்டதும் யாவரும் அறிந்தவை.

இங்கே ஒரு தடை எழும். "சமணத்திலும் போர்வீரர் இருந்தனரே! கங்க நாட்டுச் சேனாபதி சாமுண்டராயர் அன்றோ சிரவணபெளகுளத்தில் கோமடேசுவரர் திருவுருவை எழுப்பியவர்?" என்று கேட்பர். உண்மையே. இல்லறத்தான் முற்றாக விலக்க வேண்டியது சங்கல்ப ஹிம்சை; அதாவது கொல்ல வேண்டும் என்று எண்ணிக் கொல்வது. அடுப்பு மூட்டுவதிலும் வீடு கட்டுவதிலும் நேரும் ஆரம்ப ஹிம்சை, உழவு முதலிய தொழில்களில் நேரும் உத்யோக ஹிம்சை, தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காப்பதில் நேரும் விரோத ஹிம்சை ஆகியவற்றை அவன் இயன்றவரை குறைத்துக்கொள்ள வேண்டும் என்பர். நாட்டைக் காக்கும் வீரன் நான்காம் வகையில் அடங்குவான். அவனுக்கும் வினை ஒட்டாமல் இல்லை. ஆனால் அவன் நிலை வேறு.

கூலிப்படை நிறுவனத்தார் எந்த வகை? "இது எங்கள் உத்யோகம்" என்பார்கள். உழவனின் நோக்கம் நெல். புழு மடிவது அவன் விரும்பாத விளைவு. இவர்கள் விற்கும் சரக்கோ கொல்லும் திறமையே. ஆகவே இது உத்யோகத்தில் அடங்காது. விரோதமா என்றால், இலண்டனிலிருந்து வந்தவருக்கு மகிழடித்தீவின் இறால் பண்ணைக் கூலியாள் என்ன பகை செய்தான்? தன் ஊரும் இல்லை, தன் மக்களும் இல்லை. பகையும் இல்லாமல், காப்பும் இல்லாமல், விலை பேசிச் செய்வது சங்கல்பத்திலேயே போய் நிற்கிறது. கோபமில்லாமல் கொல்பவன் வெறியனைவிட மேல் என்று சிலர் எண்ணுவதுண்டு. நம் ஆகமம் அப்படிச் சொல்லவில்லை. கஷாயங்கள் நான்கில் லோபமே இறுதிவரை பற்றி நிற்பது. பத்தாம் குணஸ்தானம் ஏறிய முனிவரிடத்தும் நுண்ணிய லோபம் எஞ்சியிருக்கும் என்பர். கோபம் தணிந்துவிடும். ஒப்பந்தமோ ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும்.

பயிற்சி அளித்தவர்களைப் பற்றித்தான் நான் மிகுதியாக எண்ணினேன். நானும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவள். அனர்த்த தண்ட விரதத்தை விளக்குமிடத்தில் ஆசாரியர் சமந்தபத்திரர், விலக்க வேண்டியவை ஐந்தனுள் பாவோபதேசத்தையும் ஹிம்சாதானத்தையும் வைத்தார். தீச்செயலுக்கு வழி கற்பிப்பது முன்னது. கொலைக்கருவியைப் பிறருக்குக் கொடுப்பது பின்னது. நமது அருங்கலச்செப்பும் அவ்வழியே சொல்லும். வாள் கொடுத்தவன் வெட்டவில்லை, வழி சொன்னவன் நடக்கவில்லை. ஆயினும் அவர்கள் கணக்கில் அது ஏறுகிறது.

"மாணவன் செய்யும் எல்லாவற்றுக்கும் ஆசிரியர் பொறுப்பா?" என்று எவரேனும் கேட்டால், எனக்கு ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வரும். என்னிடம் பயின்ற இளைஞர் ஒருவர் பயிற்சிக் கற்பித்தலுக்குச் சென்ற பள்ளியில் எட்டு வயதுச் சிறுவனைப் பிரம்பால் அடித்துக் கையை வீங்க வைத்துவிட்டார். விசாரித்தபோது, "வகுப்பை முதல் நாளே அடக்கிவிட வேண்டும் என்று நீங்கள்தானே அம்மா சொன்னீர்கள்" என்றார். அடி என்று நான் சொல்லவில்லை. அடக்கு என்று சொன்னேன். எப்படி என்று சொல்லாமல் விட்டேன். அடிப்பது எங்கும் வழக்கமாயிருந்த காலம் அது என்பதையும் நான் அறிந்தே இருந்தேன். அவரைக் கண்டித்து எழுதிய அறிக்கையில் என் சொல்லை நான் குறிப்பிடவில்லை. நாற்பது ஆண்டுக்கு மேலாயிற்று. பிரதிக்கிரமணத்தில் உட்காரும்போதெல்லாம் அந்த வீங்கிய கை என் முன் வருகிறது. ஆகவே சுடக் கற்றுக்கொடுத்தவர், யாரைச் சுடுவார்கள் என்பது தமக்குத் தெரியாது என்று சொன்னால், நான் நம்ப மாட்டேன். பருத்தித்துறை நிகழ்ந்தது 1984இல். கொக்கட்டிச்சோலை நிகழ்ந்தது 1987இல். இடையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. பயிற்சியாளர்களுள் ஒருவர் தாம் தவறான பக்கம் நிற்பதாக உணர்ந்து சில மாதங்களிலேயே விலகிப் போனார். அவருக்குத் தெரிந்தது மற்றவருக்கும் தெரிந்திருக்கும்.

யசோதர காவியத்தை நம் வீட்டுப் பெண்கள் கதையாகவேனும் அறிவர். மாவினால் செய்த கோழியைத் தேவிக்குப் பலியிட்டான் அரசன். இடச் சொன்னவள் தாய் சந்திரமதி. வெட்டிய கை மகனுடையது. உயிரில்லாக் கோழிதான், இருந்தும் இருவரும் பிறவிதோறும் விலங்காய்ப் பிறந்து துன்புற்றார்கள். தாய்க்குப் பாதி, மகனுக்குப் பாதி என்று அக்காவியம் பிரிக்கவில்லை. ஒருவன் செய்த ஹிம்சையின் பயனைப் பலர் நுகர்வதும் உண்டு, பலர் செய்ததன் பயன் ஒருவனைச் சேர்வதும் உண்டு என்று அமிர்தசந்திர சூரியும் கூறுவார். உலகியலில் பங்குதாரர் பெருகினால் ஒவ்வொருவர் பங்கும் சிறுக்கும். வினைக்கு அந்தக் கணிதம் கிடையாது.

மற்றொன்று. நிறுவனம் என்பது அஜீவம். அதற்கு மனமில்லை, கஷாயமில்லை. வினை ஒட்ட ஒரு ஜீவன் வேண்டும். வாளைப் போல அது ஒரு கருவி. "நிறுவனம் செய்தது" என்று சொல்லும்போது, உண்மையில் செய்த உயிர்களை ஒரு பெயர்ப்பலகைக்குப் பின்னால் நிறுத்துகிறோம். பலகையைக் கழற்றிவிட்டு வேறு பெயரில் மாட்டலாம். உயிர்கள் அப்படியே இருக்கின்றன.

அப்படியானால் வரி கட்டுபவன், வண்டி ஓட்டியவன், தேநீர் கொண்டுவந்த பையன், எல்லாரும் கொலையாளிகளா என்று கேட்கலாம். எல்லாரையும் குற்றவாளி என்றால் ஒருவரும் குற்றவாளி இல்லை என்றாகிவிடும். இந்த அச்சம் நியாயமானதே. ஆனால் சூத்திரகாரர் அதற்கும் அளவுகோல் தந்திருக்கிறார். எண்ணத்தின் தீவிரம் அல்லது மென்மை, அறிந்து செய்ததா அறியாமல் செய்ததா, கருவி எது, ஆற்றல் எவ்வளவு என்பவற்றைக் கொண்டு வினை வேறுபடும். தேநீர்ப் பையன் அறியான். அவனால் தடுக்கவும் இயலாது. அறிந்தவனுக்கும் இயன்றவனுக்கும் அந்த விலக்கு இல்லை.

இதை எழுதும்போது எங்கள் ஊரின் பெயரை விட்டுவிட்டுப் போக முடியாது. 2020 ஜூனில் சாத்தான்குளத்துக் கடைவீதியில் வியாபாரம் செய்த ஒரு தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு அடுத்தடுத்து இறந்தார்கள். நாடே அதைப் பேசிற்று. அச்சமயம், காவல்துறைக்கு உதவியாக இருந்த தன்னார்வலர்களின் பெயரும் அடிபட்டது. சீருடையும் இல்லை, அரசுப் பதிவேடும் இல்லை. அவர்கள் கை நீட்டினால் யார் பொறுப்பு என்ற கேள்வி எழுந்தது. ஜூலை மாதம் தமிழக அரசு அவ்வமைப்பைத் தடை செய்தது. அரசின் அதிகாரத்தை அரசு அல்லாதவர் கையில் கொடுத்தால் என்ன நேரும் என்பதை இலங்கைக்குப் போகாமலே நாங்கள் பார்த்தோம். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி நீதித்துறை நடுவர் விசாரிக்க வந்தபோது, அந்நிலையத்திலேயே பணிபுரிந்த ஒரு பெண் தலைமைக் காவலர் இரவு முழுதும் தாம் கண்டதைச் சொன்னார். அவர் அடித்தவர் அல்லர், அடிக்கச் சொன்னவரும் அல்லர். வாய் திறவாமல் இருந்திருந்தால் மூன்றாம் வகையில், உடன்பட்டோர் வரிசையில் சேர்ந்திருப்பார். தம் மேலதிகாரிகளும் உடன்பணியாளரும் சுற்றி நிற்க, அந்த வரிசையிலிருந்து அவர் வெளியே வந்தார். கொக்கட்டிச்சோலைக்கு அப்படி ஒருவர் அந்த 1987லேயே வந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

பத்து நாள் கழித்துப் பேரனை நானே அழைத்தேன். இவ்வளவையும் சொல்லவில்லை, சொன்னால் பிள்ளை தொலைபேசியை வைத்துவிடுவான். "அந்த நிறுவனத்தாரிடம் ஒரே ஒரு கேள்வி கேள். உங்கள் ஆட்கள் அந்த நாட்டில் குற்றமற்ற ஒருவரைக் கொன்றுவிட்டால், எந்த நாட்டு நீதிமன்றத்தில், யார் பதில் சொல்வார்கள் என்று கேள்" என்றேன். "வேலை கேட்கப் போகிறவன் இதைக் கேட்கலாமா, பாட்டி?" என்று சிரித்தான். ஆயினும் கேட்டு எழுதியிருக்கிறான். நல்ல பிள்ளை.

விடை வந்தது. தொலைபேசியில் எனக்கு முழுதும் படித்துக் காட்டினான். காப்பீட்டைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தது. நிறுவனத்துக்கு எந்த வகை நஷ்டம் வந்தாலும் அதை ஈடுசெய்யும் ஏற்பாடுகள் ஒழுங்காக விளக்கப்பட்டிருந்தன. நான் கேட்கச் சொன்ன கேள்விக்கு ஒரு வரியும் இல்லை. கர்னல் ஹெரானின் கதையை அப்போதுதான் அவனுக்குச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தான். வருகிற சதுர்த்தசிக்குள் முடிவைச் சொல்வதாகக் கூறியிருக்கிறான்.